குடியிருப்பும் தொழிலும் ஒரே கேபினில்: அமெரிக்கக் கட்டட விதிப்படி பயன்பாட்டு வகையைத் தீர்மானிப்பது எப்படி?

அமெரிக்காவின் கிராமப்புறத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி மரத்தால் ஒரு கேபின் கட்ட வேண்டும். கீழே தச்சுப் பட்டறை, பக்கத்திலேயே செய்த பொருள்களை விற்க ஒரு சிறிய அறை, மேலே படுக்கையறைகள். சனிக்கிழமைகளில் பத்துப் பேருக்கு வகுப்பு எடுக்கலாம், ஓர் அறையை வாடகைக்கு விடலாம். இப்படி ஒரு திட்டத்தோடு பெர்மிட் விண்ணப்பத்தை எடுத்தால், அதில் ஒரு சிறிய கட்டம் இருக்கும்: இந்தக் கட்டடத்தின் பயன்பாட்டு வகை என்ன? அங்கே எழுதும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். சுவர் எத்தனை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், தளம் எவ்வளவு எடை தாங்க வேண்டும், எல்லாமே அதைப் பொறுத்தவை.

நான் முதலில் வரைந்த வரைபடத்தில், 600 சதுர அடி அறை ஒன்றுக்குப் 'பொதுக்கூடம்' என்று பெயர் எழுதியிருந்தேன். என் மனத்தில் இருந்தது நீளமான சாப்பாட்டு மேசையும் நாலு சோஃபாவும். வரைபடத்தைச் சரிபார்த்த அதிகாரிக்கு அது தெரிய வழியில்லை. கூட்டம் கூடும் இடம் என்று எடுத்துக்கொண்டு, வெறும் நாற்காலி போட்டால் எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்குப் போட்டார். 86 பேர் வந்தது. இரண்டு வெளிவழிகளும் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளும் வேண்டும் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பெயரை 'வசிப்பறை' என்று மாற்றி, மேசை நாற்காலிகளையும் வரைந்து கொடுத்த பிறகு அந்தக் குறிப்பு நீங்கியது. அதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. விதியில் தவறில்லை, எழுதிக் கொடுத்த நான்தான் தெளிவாக எழுதவில்லை. அந்த ஆறு வாரம் உங்களுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த வகைப்பாட்டை வெறும் காகித வேலை என்று நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 'கோஸ்ட் ஷிப்' என்ற கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். கிடங்கு என்று கட்டப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் ஆட்கள் குடியிருந்தார்கள், அன்றிரவு இசை நிகழ்ச்சியும் நடந்தது. கிடங்குக்கு வேண்டிய வெளிவழி வேறு, தூங்குகிறவர்களுக்கும் கூட்டத்துக்கும் வேண்டிய வெளிவழி வேறு. வகைப்பாடு கேட்கும் கேள்வியே இதுதான்: உள்ளே இருப்பவர் விழித்திருக்கிறாரா, இடம் அவருக்குப் பழக்கமானதா, எத்தனை பேர் இருக்கிறார்கள், சுற்றிலும் எரியக்கூடியது என்ன இருக்கிறது?

முதல் படி: உங்கள் நிலத்தில் எந்த விதி, எந்தப் பதிப்பு?

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே கட்டடச் சட்டம் கிடையாது. இன்டர்நேஷனல் பில்டிங் கோடு, சுருக்கமாக ஐபிசி, 2000இல் முதன்முதலாக வந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். அதோடு சேர்ந்தது வீடுகளுக்கான இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோடு, அதாவது ஐஆர்சி. இவை மாதிரி விதிகள்தான். மாநிலமோ, நம்மூர் மாவட்டம் போன்ற கவுன்ட்டியோ ஏற்றுக்கொண்டால்தான் சட்டமாகும், ஏற்கும்போது திருத்தவும் செய்வார்கள். ஆகவே ஓர் இடத்தில் 2021 பதிப்பு நடப்பில் இருக்கும், பக்கத்துக் கவுன்ட்டியில் இன்னும் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

கிராமப்புறத்தில் வேறுபாடு இன்னும் அதிகம். மெய்ன் மாநிலத்தில் 4,000 பேருக்குக் குறைவான ஊர்கள் மாநிலக் கட்டட விதியை அமல்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியாவில், சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் கிராமப்புற வீடுகளுக்கென்று தளர்ந்த விதிகள் தனியாக உண்டு. ஏற்றுக்கொண்ட கவுன்ட்டிகளில் மட்டும் அவை செல்லும். கட்டட விதியே இல்லாத கவுன்ட்டிகளும் நாட்டில் இருக்கின்றன. அங்கேகூட செப்டிக் டேங்க் அனுமதியும், பொதுமக்கள் வந்துபோகும் இடத்துக்கான மாநிலத் தீயணைப்பு விதிகளும் விட்டுவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

கவுன்ட்டி கட்டடத் துறைக்கு போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது, உள்ளூர்த் திருத்தங்கள் எங்கே கிடைக்கும்? நான் கீழே சொல்லும் எண்கள் 2018, 2021 பதிப்புகளைப் பின்பற்றியவை.

ஜோனிங் வேறு, கட்டட விதி வேறு. அந்த நிலத்தில் கடை நடத்தலாமா என்று சொல்வது ஜோனிங். நடத்தினால் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது கட்டட விதி. ஒன்றின் அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. ஜோனிங்கை முதலில் முடியுங்கள். கடையே கூடாது என்றால் மீதிக் கணக்கெல்லாம் வீண்.

இரண்டாம் படி: கட்டடத்தை மறந்துவிட்டு அறை அறையாக எழுதுங்கள்

"இது கேபின்தானே, வீடுதானே" என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கேபின் என்று ஒரு வகையே விதியில் கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் பரப்பளவு, அங்கே நடக்கும் வேலை, வருகிறவர் யார், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர், யாராவது தூங்குவார்களா, என்ன பொருள் வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். ஒரே அறை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு வேலைக்குப் பயன்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். இரண்டு பயன்பாட்டின் விதிகளுக்கும் அந்த அறை பொருந்த வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தரைத்தளம் 1,200 சதுர அடி: பட்டறை 500, விற்பனை அறை 200, சமையலறையும் வசிப்பறையும் சேர்ந்து 500. மேல்தளம் 600 சதுர அடி, இரண்டு படுக்கையறைகள். மொத்தம் 1,800. சாதாரண மரச்சட்டக் கட்டுமானம். கட்டுமான வகைகளில் இதற்கு ஐந்தாம் வகை 'பி' என்று பெயர் (கீழே வரும் பயன்பாட்டு வகை 'பி' வேறு).

மூன்றாம் படி: ஒவ்வோர் அறைக்கும் எழுத்து

ஐபிசியின் மூன்றாம் அத்தியாயத்தில் பத்துப் பிரிவுகள் இருக்கின்றன. பள்ளிக்கான இ, மருத்துவமனை போன்றவற்றுக்கான ஐ இரண்டும் கேபினுக்குப் பெரும்பாலும் வராது. மற்றவற்றைப் பார்ப்போம்.

குடியிருப்பு 'ஆர்'. ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வசிக்கும் வீடு ஆர்-3. விருந்தினரை 30 நாளுக்கு மேற்படாமல் தங்கவைப்பது தற்காலிகத் தங்கல். நிரந்தரமாக ஒருவர் வசிக்கும் வீட்டில் ஐந்து அறைகளுக்குள், மொத்தம் பத்துப் பேருக்குள் விருந்தினர் தங்கினால் ஆர்-3லேயே நிற்கும். அதைத் தாண்டினால் ஹோட்டலுக்கு உரிய ஆர்-1 பக்கம் போய்விடுவீர்கள். நீங்கள் அங்கே வசிக்காமல் முழுக் கேபினையும் ஏர்பிஎன்பி போல வாடகைக்கு விடுவதை ஒவ்வொரு கவுன்ட்டியும் ஒவ்வொரு மாதிரி பார்க்கிறது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பட்டறை 'எஃப்'. மரவேலை, தையல் போன்று எரியக்கூடிய பொருளோடு நடக்கும் தயாரிப்பு எஃப்-1. மண்பாண்டம், பீங்கான் போல எரியாத பொருளைச் செய்வது எஃப்-2. விற்பனை அறை 'எம்'. அலுவலகம், சிறு கிளினிக், முடி திருத்தும் இடம் எல்லாம் 'பி'. பள்ளிப் படிப்பில் சேராத கைத்தொழில் வகுப்பும் 'பி'தான். எரியக்கூடிய சரக்குக்கான கிடங்கு எஸ்-1, எரியாததற்கு எஸ்-2. வண்டி நிறுத்தும் தனியார் கராஜ், தோட்டக் கொட்டகை, மாட்டுத்தொழுவம், வைக்கோல் வைக்கும் பார்ன் இவையெல்லாம் 'யு'.

'எச்' என்பது ஆபத்தான பொருள்களுக்கானது. தச்சர்கள் இதைக் கண்டு பயப்படுவதுண்டு. லாக்கர் எனும் மெருகுப்பூச்சு, தின்னர், அசிட்டோன் வைத்திருந்தாலே எச் ஆகிவிடாது. அசிட்டோன் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவத்துக்கு, ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டடத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதிக்கு (ஆபத்தான பொருளின் அளவைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பகுதி) 120 கேலன் வரை எச் வகைக்குள் போக வேண்டியதில்லை. அதற்காக அவ்வளவையும் படுக்கையறைக்குக் கீழே அடுக்கலாம் என்று அர்த்தமில்லை. தீயணைப்பு விதிகள் இதைவிடக் குறைந்த அளவிலேயே தனி அனுமதி கேட்கும்.

அப்புறம் 'ஏ', கூட்டம் கூடும் இடம். எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாப்பாடும் குடியும் உள்ள இடம் ஏ-2, கல்யாண விருந்துக் கூடமும் அதில்தான். யோகாக்கூடம், கலைக்கூடம் போன்றவை பொதுவாக ஏ-3. ஆனால் சிறிய இடங்களுக்கு விதியே விலக்கு தருகிறது. 50 பேருக்குக் குறைவான கட்டடம் கூட்டத்துக்குப் பயன்பட்டாலும் அது 'பி'. வேறொரு முதன்மைப் பயன்பாட்டுக்குத் துணையான அறை 50 பேருக்குக் குறைவாகவோ 750 சதுர அடிக்குக் குறைவாகவோ இருந்தால், அதை 'பி' என்றோ அந்த முதன்மைப் பயன்பாட்டின் பகுதி என்றோ கொள்ளலாம். 'குறைவாகவோ' என்பதைக் கவனியுங்கள், இரண்டில் ஒன்று போதும். என் 600 சதுர அடி அறைக்கு அந்த எழுத்து 'ஏ' ஆக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனால் வகை மாறினாலும் ஆள் கணக்கு மாறாது. 86 பேர் என்று கணக்கு வந்தால், எழுத்து 'பி' ஆக இருந்தாலும் இரண்டு வெளிவழி வேண்டும்.

பார்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐபிசி சொல்லும் வேளாண் கட்டடத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது, விளைபொருளைப் பதப்படுத்தும் வேலை நடக்கக் கூடாது, பொதுமக்கள் பயன்படுத்தக் கூடாது. அந்த நிபந்தனையோடு கட்டிய பார்னில் ஒரு கல்யாண விருந்து வைத்தாலே அது 'யு' இல்லை. 1,500 சதுர அடி பார்னில் மேசை நாற்காலி போட்டால் கணக்கு 100 பேர். ஏ-2 வகையில் 100 பேர் என்றால் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். வருடத்துக்கு ஒருமுறைதான் என்ற சமாதானத்தை அதிகாரி ஏற்க வேண்டியதில்லை.

நான்காம் படி: ஆள் கணக்கு

உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை விதி நம்பியிருப்பதில்லை. பரப்பளவை ஓர் எண்ணால் வகுத்து ஆள் கணக்கு எடுக்கும். வீட்டுக்கு ஒருவருக்கு 200 சதுர அடி, அலுவலகத்துக்கு 150, தொழிற்கூடத்துக்கு 100, கடைக்கு 60, தொழிற்பயிற்சி அறைக்கு 50, மேசை நாற்காலி போட்ட கூடத்துக்கு 15, நாற்காலி மட்டும் போட்டால் 7, நிற்கும் கூட்டத்துக்கு 5.

நம் கேபினில் பட்டறை 500ஐ 100ஆல் வகுத்தால் 5 பேர். சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது அதே அறை 50ஆல் வகுபட்டு 10 பேர். பெரிய எண்ணையே எடுக்க வேண்டும். விற்பனை அறைக்கு 4. வீட்டுப் பகுதி 1,100 சதுர அடிக்கு 6. மொத்தம் 20 பேர்.

எஃப், எம், பி வகை அறைகளுக்கு 49 பேர் வரை ஒரே வெளிவழி போதும். அந்த வழியில் நடக்க வேண்டிய தூரத்துக்கும் வரம்பு உண்டு, கேபின் அளவில் அதைத் தாண்டுவது அரிது. 50ஐத் தொட்டால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆகவே வெளிவழி விஷயத்தில் நம் எடுத்துக்காட்டுக்குச் சிக்கலில்லை. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் அவசரத்தில் வெளியேறும் ஜன்னல் மட்டும் மறக்கக் கூடாது: திறந்த பரப்பு 5.7 சதுர அடி, உயரம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலம், ஜன்னலின் அடிப்பக்கம் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. லாஃப்டில், அதாவது கூரைக்குக் கீழே உள்ள பரணில், தூங்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் இது வேண்டும்.

ஐந்தாம் படி: கலந்த பயன்பாட்டைச் சேர்ப்பதா, பிரிப்பதா?

தனியாக நிற்கும் ஒரு குடும்ப வீடு ஐஆர்சிக்குள் வரும். அது எளிய விதி. வீட்டுக்குள் ஒரு சிறு அலுவலக அறை வைத்தால் வீடு வீடாகவே இருக்கும். ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் பட்டறையையும் கடையையும் சேர்த்தவுடன் முழுக் கட்டடமும் ஐபிசிக்குத் தாவிவிடலாம். அப்படித் தாவினால் முன்னால் இருக்கும் பாதைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, துணைப் பயன்பாடு. ஒரு தளத்தின் பரப்பில் 10 சதவீதத்துக்குள் அடங்கும் துணைப் பயன்பாட்டுக்குத் தீத்தடுப்புப் பிரிப்பு வேண்டாம். நம் தரைத்தளம் 1,200, ஆகவே 120 சதுர அடி வரைதான். நம் பட்டறையும் கடையும் சேர்ந்து 700. இந்தப் பாதை மூடியாயிற்று. பின்னலாடை விற்க 100 சதுர அடி அறை மட்டும் வேண்டும் என்பவருக்கு இதுவே போதும். குடியிருப்புக்கும் பிற பகுதிக்கும் நடுவில் தனியாகக் கேட்கப்படும் சுவரை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிரிக்காத கலப்பு. குடியிருப்புக்கென்று கேட்கப்படும் அந்தத் தனிச் சுவரைத் தவிர நடுவில் வேறு தீச்சுவர் வேண்டாம், ஆனால் எல்லா வகையிலும் கடுமையான விதி எதுவோ அது முழுக் கட்டடத்துக்கும் பொருந்தும். இங்கே மாட்டுவது பரப்பளவில் அல்ல. ஸ்பிரிங்க்ளர் இல்லாத ஐந்தாம் 'பி' கட்டுமானத்தில் எஃப்-1க்கு 8,500 சதுர அடி, எம்முக்கு 9,000 வரை அனுமதி உண்டு. எந்தக் கேபினும் அந்தப் பக்கம் போகாது. மாட்டுவது மாடியில்தான். இதே கட்டுமானத்தில் எஃப்-1, எம் இரண்டுக்கும் ஒரே தளம்தான் அனுமதி. நம் கேபினுக்கு இரண்டு தளம். லாஃப்ட் ஓர் அறைக்குள்ளேயே திறந்திருக்கும் இடைத்தட்டாக, அதாவது மெஸனைனாக, இருந்தால் தளமாக எண்ண மாட்டார்கள், ஆனால் அது திறந்திருக்கும் அறையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். நம்முடைய 600 அதற்குள் அடங்காது.

மூன்றாவது, பிரித்த கலப்பு. குடியிருப்புக்கும் எஃப்-1, எம் பகுதிகளுக்கும் நடுவில் தீத்தடுப்புச் சுவர்: ஸ்பிரிங்க்ளர் இருந்தால் 1 மணி நேரம், இல்லையென்றால் 2 மணி நேரம். பட்டறைக்கும் கடைக்கும் நடுவில் ஒன்றும் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் படுக்கையறை பட்டறைக்கு மேலே இருக்கிறதே, அதனால் நடுத்தளமும் அதே நேரம் தாங்க வேண்டும், அதைத் தூக்கி நிற்கும் தூண்களும் உத்தரங்களும் தாங்க வேண்டும். 1 மணி நேரச் சுவரில் வைக்கும் கதவு 45 நிமிடக் கதவு, 2 மணி நேரச் சுவரில் 90 நிமிடக் கதவு. குழாய், வயர் துளைக்கும் இடமெல்லாம் சோதிக்கப்பட்ட பொருளால் அடைக்க வேண்டும். உத்தரம் வெளியே தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே பலர் கேபின் கட்டுகிறார்கள்! அந்த அழகு பெரும்பாலும் இங்கே ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் போய்விடும்.

நான்காவது, வசித்துக்கொண்டே வேலை செய்யும் அலகு. அதிகம் பேருக்குத் தெரியாத பிரிவு, நம் எடுத்துக்காட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அலகின் மொத்தப் பரப்பு 3,000 சதுர அடிக்குள், தொழில் பகுதி பாதிக்கு மிகாமல், தொழில் முதன்மைத் தளத்தில் மட்டும், அங்கே வசிக்காத பணியாளர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. நம்முடையது 1,800இல் 700, அதாவது 39 சதவீதம். வகை, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உரிய ஆர்-2 ஆகும். உள்ளே பிரிப்புச் சுவர் வேண்டாம். ஆனால் எச், எஸ் வகை வேலைகள் கூடாது, சரக்கு வைக்கும் இடம் தொழில் பரப்பில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்பிரிங்க்ளர் கட்டாயம், தொழில் பகுதி மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றதாக இருக்க வேண்டும். பலகை அடுக்கிவைக்கும் தச்சருக்கு அந்த 70 சதுர அடி போதாமல் போகும்.

ஸ்பிரிங்க்ளர் பற்றி: ஐபிசிப்படி ஆர் வகை இருக்கும் கட்டடம் முழுவதற்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும். ஐஆர்சியிலும் 2009 பதிப்பு முதல் வீடுகளுக்கு அது உண்டு, ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் அதை நீக்கிவிட்டன. கலிஃபோர்னியாவும் மேரிலாண்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன. வீடுகளுக்கான எளிய அமைப்பான என்எஃப்பிஏ 13டி, பட்டறை சேர்ந்த கட்டடத்துக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கிணற்று நீரை நம்பியிருக்கும் இடத்தில் தொட்டியும் பம்பும் சேர்ந்து பெரிய செலவாகும் விஷயம் இது.

இந்தப் பாதைகளையெல்லாம் எடைபோட்ட பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். நிலத்தில் இடம் இருந்தால் பட்டறையைத் தனிக் கட்டடமாகக் கட்டுங்கள். வீடு ஐஆர்சியில் நிம்மதியாக இருக்கும். 700 சதுர அடி பட்டறை-கடை ஒரே தளத்தில் எஃப்-1, எம் என்று நிற்கும். அதில் யாரும் தூங்காததால் ஆர் வகைக்கான ஸ்பிரிங்க்ளர் விதி அதைத் தொடாது. மரத்தூள் கிளம்பும் பட்டறைக்கான தனி ஸ்பிரிங்க்ளர் விதியும் 2,500 சதுர அடியைத் தாண்டினால்தான் வரும். நகரத்தில் இந்த வசதி கிடையாது, கிராமத்து நிலம் தரும் பெரிய சலுகையே இதுதான்.

அப்படிக் கட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கற்பனைக் கோடு போடுவார்கள். பட்டறைச் சுவர் அந்தக் கோட்டிலிருந்து 10 அடி, வீட்டுச் சுவர் 5 அடி தள்ளி இருந்தால் சுவர்களுக்குத் தீ நேரக் கணக்கு வேண்டாம். ஆனால் 10 அடியில் பட்டறைச் சுவரில் 15 சதவீதம்தான் ஜன்னல் வைக்கலாம். கோட்டிலிருந்து 30 அடி தள்ளிப் போனால் திறப்புகளுக்கு வரம்பே இல்லை. இடம் இருந்தால் 30 அடி தள்ளியே வையுங்கள். பட்டறைக்கு வெளிச்சம் முக்கியம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐஆர்சிப்படி வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடிக்குட்பட்ட ஒரே தளக் கொட்டகைக்குக் கட்டடப் பெர்மிட் வேண்டாம். அதைப் பார்த்து 180 சதுர அடியில் கொட்டகை போட்டுக் கடை திறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு வீட்டுக்குத் துணையான கொட்டகைக்கு மட்டும்தான், கடைக்கு அல்ல.

ஆறாம் படி: வகை இழுத்துவரும் மற்றவை

தளத்தின் எடை தாங்கும் திறன் முதலில். சதுர அடிக்குப் படுக்கையறைக்கு 30 பவுண்டு, வீட்டின் மற்ற அறைகளுக்கு 40, அலுவலகத்துக்கு 50, தரைத்தளக் கடைக்கும் கூட்டம் கூடும் இடத்துக்கும் 100, சிறு தொழிற்கூடத்துக்கு 125. பழைய கேபினின் மரத்தளம் 40க்குத்தான் போட்டிருப்பார்கள். அதன்மேல் இழைப்பு இயந்திரத்தை ஏற்றுவதற்கு முன் பொறியாளரிடம் காட்டுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் பட்டறையைக் கான்கிரீட் தரையில் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் ஐஆர்சியில் நடுச்சுவருக்கு அரை அங்குல ஜிப்சம் போர்டும், மேலே வசிக்கும் அறை இருந்தால் கூரைப்பக்கம் தீயைக் கூடுதலாகத் தாங்கும் ஐந்தெட்டு அங்குல (5/8) 'டைப் எக்ஸ்' போர்டும் வேண்டும். கராஜிலிருந்து நேராகப் படுக்கையறைக்குக் கதவு கூடாது. செப்டிக்கை வீட்டுக்குப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவார்கள், கடை வந்தால் அந்தக் கணக்கு மாறும்.

பொதுமக்கள் வரும் பகுதிக்கு மாற்றுத்திறனாளி அணுகல் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990இன் ஏடிஏ சட்டம் கூட்டாட்சிச் சட்டம், கவுன்ட்டியில் கட்டட விதியே இல்லாவிட்டாலும் அது பொருந்தும். உரிமையாளரே வசிக்கும், ஐந்து அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடாத தங்குமிடத்துக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறது. உங்கள் கடைக்கு அது கிடையாது.

ஏழாம் படி: எழுதிக் கொடுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

வரைபடத்தை முழுதாக முடிப்பதற்கு முன்பே கவுன்ட்டி அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். பல இடங்களில் விண்ணப்பத்துக்கு முந்தைய சந்திப்பு உண்டு. கையில் ஒரே பக்கம் எடுத்துப் போங்கள். அதில் விதியின் பதிப்பு, கட்டுமான வகை, தளங்களின் எண்ணிக்கை, அறைவாரியாகப் பரப்பும் வகையும் ஆள் கணக்கும், கலப்புக்கு எந்தப் பாதை, ஸ்பிரிங்க்ளர் உண்டா இல்லையா என்பவை இருக்க வேண்டும். அதோடு அன்றாடம் என்ன நடக்கும் என்று நாலு வரி எழுதுங்கள்: "உரிமையாளரும் மனைவியும் வசிப்பார்கள். பட்டறையில் ஒரு பணியாளர். சனிக்கிழமை காலை அதிகபட்சம் 10 மாணவர்கள், இரவில் தங்கமாட்டார்கள். விற்பனை வெள்ளி, சனி மட்டும்." இந்த நாலு வரி அதிகாரியின் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

நடக்கப்போவதை மறைக்காதீர்கள். வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டு, பிறகு ஒரு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அனுமதித்த பயன்பாடு என்ன என்பதைத்தான்.

விதியில் பெயர் சொல்லாத பயன்பாடு என்றால், தீ ஆபத்தில் எதை மிகவும் ஒத்திருக்கிறதோ அந்த வகையில் சேர்ப்பார்கள். அதை முடிவு செய்யும் அதிகாரம் கட்டட அதிகாரிக்கு உண்டு. அவர் சொன்னதில் உடன்பாடு இல்லையென்றால் வாதாடாமல், எந்தப் பிரிவின்படி சொல்கிறார் என்று கேளுங்கள். பிரிவு எண் கிடைத்தால் நீங்களும் படித்துப் பார்க்கலாம், மாற்று வழியை முன்வைக்கலாம், மேல்முறையீட்டுக் குழுவுக்கும் போகலாம். சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்பி, சரிதானா என்று கேட்டு வையுங்கள். அதிகாரி மாறிவிட்டால் அந்த மின்னஞ்சல்தான் கை கொடுக்கும்.

ஏற்கெனவே நிற்கும் கேபினை வாங்கி மாற்றுகிறீர்களென்றால் இன்டர்நேஷனல் எக்சிஸ்டிங் பில்டிங் கோடு பொருந்தக்கூடும். பழைய வகையைவிடப் புதிய வகை ஆபத்து அதிகமா என்று வெளிவழி, உயரம்-பரப்பு, வெளிச்சுவர் மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆபத்து கூடாத மாற்றமென்றால் பல விஷயங்களைப் பழையபடியே விட்டுவிட வாய்ப்புண்டு.

கடைசி ஆய்வு முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் தருவார்கள். அதில் எழுதியிருக்கும் வகையும், கட்டுமான வகையும், ஸ்பிரிங்க்ளர் பற்றிய குறிப்பும் நீங்கள் விண்ணப்பித்தபடியே இருக்கின்றனவா என்று வாங்கிய இடத்திலேயே படித்துப் பாருங்கள். எஃப்-1 என்று கேட்டு எஸ்-1 என்று வந்திருந்தால் அன்றே திருத்திக்கொள்ளுங்கள். நாலு வருடம் கழித்துப் பட்டறையின் ஒரு மூலையில் காப்பிக் கடை போடலாம் என்று தோன்றினால், அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.